ஊசித் துளைகளில் ஒரு வரலாறு

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்திக்கும் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்களின் உடுப்புக்கும் என்ன தொடர்பு என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கடந்த மூன்று ஆண்டுகளாகப் பள்ளி விடுமுறை தோறும் அக்காலத்து உடுப்புகளை அக்கால முறையிலேயே, தையல் இயந்திரத்தைத் தொடாமல், கையால் தைத்து வருகிறேன். விழாவுக்கு உடுத்திக்கொள்வதற்காக அன்று. நம் பாட நூல்களில் வரும் வரலாறு பெரும்பாலும் மன்னர்களும் போர்களும் ஒப்பந்தங்களுமாகவே இருக்கிறது. அதே நூற்றாண்டில் ஒரு பெண் காலையில் எழுந்து எதை முதலில் உடுத்தினாள், அதற்கு என்ன விலை கொடுத்தாள், அதை யார் தைத்தார், அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பதை அறிய விழைந்தேன். தேடப்போனால், அந்தத் துணி வந்த இடங்களில் ஒன்று நம் முன்னோர் வாழ்ந்த கடற்கரையாகவே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சான்றுகளைப் பற்றி. அக்கால உடையை அறிய ஓவியங்கள் போதுமே என்று தோன்றும். ஆனால் செல்வச் சீமாட்டிகள் ஓவியருக்கு முன்னால் அமரும்போது, அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்திய பாணியிலோ பழங்கிரேக்கப் போர்வை போலவோ உடுத்திக்கொள்வது அப்போது வழக்கம். ஆகவே ஓவியத்தை அப்படியே நம்ப இயலாது. அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் உண்மையான உடைகளும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை பட்டு. திருமண நாளிலோ விருந்திலோ ஓரிரு முறை உடுத்திப் பெட்டியில் வைக்கப்பட்டவை. வேலைக்காரப் பெண்ணின் கவுன் கிழியும் வரை உடுத்தப்பட்டது. கிழிந்தபின் குழந்தைக்குச் சட்டையாயிற்று. அதுவும் கிழிந்தபின் கந்தலாகிக் காகித ஆலைக்குப் போயிற்று.

எஞ்சிய உடைகளை அளந்து வரைந்து வைத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஜேனட் ஆர்னால்டு என்னும் அம்மையார் (1932-1998) அருங்காட்சியகங்களில் அமர்ந்து ஒவ்வொரு கவுனின் ஒவ்வொரு துண்டையும் அளந்து கட்டத்தாளில் வரைந்தார். அவர் எழுதிய ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்’ நூலின் முதல் தொகுதி 1964-இல் வெளிவந்தது. நோரா வா எழுதிய நூல் 1968-இல் வந்தது. அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் சேகரிப்பைக் கொண்டு லிண்டா பாம்கார்டன் எழுதிய நூல் 1999-இல் வந்தது. என் மேசையில் இவை எப்போதும் விரிந்தே கிடக்கும்.

இவற்றுக்கு இணையாக எனக்குப் பயன்பட்ட வேறொரு சான்று நீதிமன்றக் குறிப்புகள். இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் வழக்குக் குறிப்புகள், 1674 முதல் 1913 வரையிலானவை, இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. களவுபோன பொருள்களின் பட்டியலும் மதிப்பும் அவற்றில் உண்டு. ஒரு கவுன், இரண்டு உள்சட்டை, ஒரு மேலங்கி என்று ஏழை வீட்டின் துணிப்பெட்டி நம் கண்முன் திறக்கிறது.

அந்த மதிப்புகளைப் படிக்கையில் ஒரு விந்தையைக் காணலாம். 39 ஷில்லிங் என்ற தொகை திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் இதுதான்: குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள பொருளைத் திருடினால் தூக்குத் தண்டனை. கடையில் எவரும் அறியாமல் எடுத்தால் 5 ஷில்லிங்கே அந்த வரம்பு. ஆகவே இரக்கமுள்ள நடுவர் குழுவினர், பொருளின் உண்மை மதிப்பு கூடுதலாக இருப்பினும் 39 ஷில்லிங் என்றே தீர்ப்பில் குறித்தனர். ஓர் உடுப்பின் விலை ஒரு பெண்ணின் உயிரைத் தீர்மானித்த காலம் அது! 20 ஷில்லிங் ஒரு பவுன் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு, நடுவர் குழுவினர் பொய் சொன்னது சரியா என்று ஒரு நாள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நன்னெறிக் கல்வி வகுப்பு முழுவதும் அந்த ஒரு வினாவிலேயே கழிந்துவிடும்.

உள்ளிருந்து வெளியே

அக்காலத்து உடையை உள்ளிருந்துதான் தைக்கத் தொடங்க வேண்டும். மேலே வருவது அனைத்தும் கீழே இருப்பதன்மேல் அளந்து தைக்கப்படுவது. முதல் உடுப்பு ‘ஷிஃப்ட்’ என்னும் உள்சட்டை. ஆளிச் செடியின் நாரில் நெய்த வெள்ளை லினன் துணியால் ஆனது. முழங்காலுக்குக் கீழ் வரை நீளும். பகலில் உடுத்துவதும் அதுவே, இரவில் படுப்பதும் அதிலேயே. அதற்குக் கீழே வேறு உள்ளாடை எதுவும் அக்கால ஆங்கிலப் பெண்கள் பொதுவாக அணிந்ததில்லை என்பதைக் கேட்டு என் தோழியர் வாயைப் பொத்திக்கொண்டனர்.

இந்த உள்சட்டையை வெட்டும் முறை எனக்குப் பெருவியப்பைத் தந்தது. அதில் வளைவான வெட்டு என்பது கழுத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. உடல் நீளத்தைப்போல் இரு மடங்கு துணியை எடுத்துத் தோளில் மடிக்கிறார்கள். பக்கங்களில் மேற்புறம் சாய்வாக வெட்டியெடுத்த நீண்ட முக்கோணத் துண்டைத் தலைகீழாகத் திருப்பி, கீழ்ப்புறம் அகலம் வேண்டிய இடத்தில் சேர்க்கிறார்கள். கைக்கு ஒரு நீள்சதுரம். அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைக்கிறார்கள். அது இருந்தால்தான் கையைத் தூக்கும்போது துணி கிழியாது. வெட்டி முடித்தபின் தரையில் விழுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நூற்பதும் நெய்வதும் கையால் நடந்த காலத்தில் துணிதான் விலையேறியது. தைப்பவளின் உழைப்பு மலிவு. நம் சேலையில் வெட்டே இல்லாததற்கும் இதற்கும் உள்ள உறவைத் தையல் தெரிந்தவர்கள் உணர்வார்கள்.

1789-இல் இலண்டனில் ஏழைகளுக்கான உடைகளை வெட்டும் முறை பற்றி ஒரு கையேடு வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளை நடத்திய பெண்களுக்காக எழுதப்பட்டது. எத்தனை கஜத் துணியில் எத்தனை உள்சட்டை தேறும், எந்த வயதுக் குழந்தைக்கு எந்த அளவு என்றெல்லாம் அதில் கணக்குப் போடப்பட்டிருக்கிறது. பள்ளியும் தையலும் கணக்கும் ஒரே நூலில் வந்துவிடுவதால், ஆசிரியை என்ற முறையில் அந்நூல்மேல் எனக்குத் தனிப் பற்று.

உள்சட்டையில் தையல் மிக நெருக்கமாக இருக்க வேண்டும். ஓர் அங்குலத்தில் பத்துக்குக் குறையாமல் கெட்டித் தையல் போட்டு, ஓரங்களை மடித்து, பிசிறு எதுவும் வெளியே தெரியாமல் அடக்க வேண்டும். காரநீரில் ஊறவைத்து அடித்துத் துவைப்பார்கள், அதைத் தாங்கவேண்டுமே! கழுத்தருகே உரிமையாளரின் முதலெழுத்துகளைச் சிலுவைத் தையலால் பொறிப்பதும் வழக்கம். சலவைக்குப் போன துணி வீடு திரும்ப அந்த அடையாளம் தேவைப்பட்டது. சிறுமியர் எழுத்துகளைக் கற்றதே பல வீடுகளில் இந்தத் தையலின் வழியாகத்தான்.

அடுத்து ‘ஸ்டேஸ்’. இடுப்பையும் மார்பையும் தாங்கும் கெட்டியான கச்சு. திமிங்கல எலும்பு வைத்தது என்பார்கள். உண்மையில் அது எலும்பன்று. சில வகைத் திமிங்கலங்களின் வாயில் உணவை வடிகட்டுவதற்காகத் தொங்கும் தகடு. அதை மெல்லிய குச்சிகளாகச் சீவி, இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே வரிசை வரிசையாகத் தைத்த அறைகளுக்குள் செருகுவார்கள். இதைத் தைக்க மிகுந்த கைவலிமை வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஆண்களின் தொழிலாகவே இருந்தது. அமெரிக்க விடுதலைக்காக எழுதிய தாமஸ் பெயின் இளமையில் பயின்ற தொழில் இதுவே. திமிங்கலத்துக்கு நான் எங்கே போவது? இன்று இவ்வுடைகளைத் தைப்பவர்கள் நெகிழிக் கீற்றுகளையோ கம்பி கட்டும் நெகிழிப் பட்டைகளையோ பயன்படுத்துகிறார்கள். நான் மெல்லியதாகச் சீவிய பிரம்பைப் பயன்படுத்தினேன். ஆசிரியையின் கையில் பிரம்பு இப்படியும் பயன்படும் என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

இந்தக் கச்சைப் பற்றிப் பல கட்டுக்கதைகள் உலவுகின்றன. மூச்சு முட்டும், மயங்கி விழுவார்கள், பணிப்பெண் இல்லாமல் அணிய முடியாது என்றெல்லாம் திரைப்படங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டன. இடுப்பை ஒரேயடியாக இறுக்கும் பழக்கம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டோடு சேர்த்துப் பேசப்படுவது. 18-ஆம் நூற்றாண்டு ஸ்டேஸ் உடலைக் கூம்பு வடிவில் நிறுத்துகிறது. அடுக்கடுக்கான பாவாடைகளின் எடையை இடுப்புச் சதையில் வெட்டாமல் பரவலாகத் தாங்குகிறது. வயலில் வேலை செய்த பெண்களும் மீன் விற்ற பெண்களும் அதை அணிந்தே வேலை செய்தார்கள். அளவாக இழுத்துக் கட்டி நாற்காலியில் அமர்ந்து ஒரு மாலை முழுவதும் மாணவர் கட்டுரைகளைத் திருத்தினேன். முதுகு வலிக்கவில்லை. குனிந்து தரையில் விழுந்த பேனாவை எடுப்பதுதான் இயலவில்லை. முழங்காலை மடக்கித்தான் எடுக்க முடிந்தது. அக்காலப் படங்களில் பெண்கள் குனியும் விதம் அதன் பின்னரே எனக்குப் புரிந்தது.

ஸ்டேஸுக்கு மேல் பாவாடை, அதனோடு பை. பை உடுப்போடு சேர்ந்ததன்று. இரண்டு தட்டையான பைகளை நாடாவில் கோத்து இடுப்பில் கட்டி, மேலே வரும் பாவாடையின் பக்கத் திறப்பு வழியாகக் கைவிட்டு எடுத்தார்கள். காசு, சாவி, ஊசிப்பெட்டி, தின்பண்டம் எல்லாம் அதற்குள்தான். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாட்டியின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை நினைவுக்கு வராமல் போகாது. ஒரு பெண் தனக்கே உரியது என்று சொல்லக்கூடிய இடம் வீட்டில் வேறெதுவும் இல்லாத காலத்தில் இந்தப் பை பெரிய உடைமை.

கவுனும் குண்டூசியும்

கவுன் தைப்பவரை ‘மாண்டுவா மேக்கர்’ என்று அழைத்தார்கள். இத்தொழில் பெண்களுடையது. பாரிசில் பெண் தையற்காரர்கள் தமக்கென ஒரு தொழிற்குழுவை அமைத்துக்கொள்ள 1675-இல் பதினான்காம் லூயி மன்னரிடம் உரிமை பெற்றார்கள். அதற்கு முன் பெண்களின் கவுன்களையும் ஆண்களே தைத்தனர். இப்பெண்கள் காகிதத்தில் வரைந்து வெட்டவில்லை. வாடிக்கையாளரின் உடல்மேலேயே துணியைப் போர்த்தி, ஊசி குத்தி, மடித்து, வெட்டினார்கள். ஏறத்தாழ 20 அங்குல அகலமே உடைய பட்டுத் துணியை முதுகில் மடிப்பு மடிப்பாக அமைத்து, அம்மடிப்புகளை இடுப்பு வரை தைத்துப் பிடித்து, அங்கிருந்து கீழே விரித்துவிடுவது ஒரு முறை. கழுத்திலிருந்து தரை வரை ஒரே துணி. நம் கொசுவத்தைப் போலத்தான்.

கவுனை மூடுவதற்குப் பொத்தான் பெரும்பாலும் கிடையாது. குண்டூசிகளையே குத்திக்கொண்டார்கள். 1776-இல் ஆடம் ஸ்மித் தம் பொருளியல் நூலில் உழைப்புப் பிரிவினைக்குக் குண்டூசித் தொழிற்கூடத்தை எடுத்துக்காட்டியதும், பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்வார்கள் என்று கணக்கிட்டதும் பலர் அறிந்ததே. அத்தனை குண்டூசியும் யாருக்கு என்று அந்நூலைப் படித்த காலத்தில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. கவுன் தைத்தபின் விடை தெரிந்தது.

உள்சட்டையின் நெருக்கமான தையலுக்கு நேர்மாறாகக் கவுனின் பாவாடைப் பகுதியில் தையல் நீளநீளமாக, அவசரமாகப் போடப்பட்டிருக்கும். இது கவனக்குறைவன்று. பட்டின் விலை பவுன் கணக்கில். தையற்கூலியோ ஷில்லிங் கணக்கில். இரண்டு மூன்று ஆண்டுகளில் பாணி மாறும்போது கவுனைப் பிரித்து மீண்டும் தைப்பார்கள். எளிதில் பிரிக்க வேண்டும் என்பதற்காகவே ஓட்டுத் தையல். அருங்காட்சியகக் கவுன்களில் இன்று தையல் இல்லாத இடத்தில் வரிசையாகப் பழைய ஊசித் துளைகள் தெரிவதை ஆய்வாளர்கள் பதிவு செய்கிறார்கள். 1740-இல் நெய்த பட்டு 1780-இல் வேறு வடிவில் உடுத்தப்பட்டதை அத்துளைகள் காட்டிக் கொடுக்கின்றன. தாய் உடுத்தியதை மகள் பிரித்துத் தைத்திருப்பாள்.

பார்பரா ஜான்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, ஒரு பாதிரியாரின் மகள், 1746 முதல் 1823 வரை தாம் வாங்கிய துணிகளிலிருந்து சிறு துண்டு வெட்டிக் கணக்கேட்டில் ஒட்டி, கஜம், விலை, ஆண்டு ஆகியவற்றை எழுதிவைத்தார். தொடங்கியபோது அவருக்கு வயது எட்டு. அந்த ஏடு இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. எழுபத்தேழு ஆண்டுகள் விடாமல் எழுதிய நாட்குறிப்பு அது. சொற்கள் குறைவு, துணிகள் மிகுதி.

சீட்டித் துணி

இப்போது தொடக்கத்தில் சொன்ன கடற்கரைக்கு வருகிறேன். அதே அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் 18-ஆம் நூற்றாண்டுக் கவுன்களைப் பார்த்துக்கொண்டே வந்தால், வெள்ளைத் தரையில் சிவப்பும் நீலமுமாகப் பூக்கொடி படர்ந்த பருத்தி உடைகள் வரும். துணி செய்யப்பட்ட இடம்: சோழமண்டலக் கரை. தைக்கப்பட்ட இடம் இங்கிலாந்து அல்லது ஆலந்து. நாம் சீட்டி என்று சொல்லும் துணிதான் அது.

அதைச் செய்யும் முறையை ஐரோப்பியர் ஆவலோடு எழுதிவைத்தனர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போலியு 1734-ஐ ஒட்டி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துணி மாதிரியோடு பதிவு செய்தார். இயேசு சபைப் பாதிரியார் கேர்து 1742-இல் கடிதமாக எழுதினார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்த வேண்டும். அதனால் சாயம் பரவாமல் நிற்கும். கரித்தூளால் படத்தைப் பதித்து, கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலையும் சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலையும் எழுதுகோலால் தீட்ட வேண்டும். பின் சாயவேர் என்னும் இம்பூறல் வேரில் கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடம் சிவக்கும். நீலத்துக்குத் துணி முழுவதும் மெழுகு பூசி, நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டு அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். பச்சை வேண்டுமானால் நீலத்தின்மேல் மஞ்சள். நடுநடுவே வெளுப்பு. எத்தனை துவைத்தாலும் போகாத நிறம் அன்றைய ஐரோப்பியருக்குத் தெரியாத வித்தை.

1734-இல் சென்னையில் ஆங்கிலேயர் நூற்போர், நெய்வோர், துணிக்கு வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோரைக் குடியேற்றி ஒரு பேட்டையையே உண்டாக்கினார்கள். அதுதான் சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இத்துணிகள் ஐரோப்பாவுக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே மலாக்காவுக்கு வந்து நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டன என்பதும் இங்கிருக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஐரோப்பிய நெசவாளர் சும்மா இருக்கவில்லை. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இத்துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700-இல் வண்ணத் துணி இறக்குமதியை உள்நாட்டுப் பயன்பாட்டுக்குத் தடுத்தது. வெள்ளைத் துணியை வரவழைத்து அங்கேயே அச்சிட்டார்கள். 1719-இல் இலண்டன் நெசவாளர்கள் தெருவில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களைத் துரத்தி, கவுனைக் கிழித்து, மையும் அமிலமும் ஊற்றினார்கள். நெசவாளரின் பசி உண்மையானது. ஆனால் அடி வாங்கியது இறக்குமதி செய்த வணிகர் அல்லர், உடுத்திய பெண்கள். 1721-இல் இயற்றப்பட்ட சட்டம் 1722 கிறிஸ்துமஸ் முதல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது; தண்டம் 5 பவுன். ஆர்க்ரைட்டின் இயந்திர நூலால் இங்கிலாந்திலேயே முழுப் பருத்தித் துணி நெய்ய முடிந்தபின், 1774-இல் உள்நாட்டுத் துணிக்கு மட்டும் தடை நீங்கியது. அதன் அடையாளமாகக் கரையில் மூன்று நீல நூல் நெய்ய வேண்டும் என்று விதித்தார்கள். பழைய துணியின் கரையில் அந்த மூன்று நூலைக் கண்டால் அது எந்தக் காலத்தது என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள். இம்பூறல் வேரைக் கொதிக்கவைத்தவர்களின் பெயரைச் சொல்லும் நூல் எதுவும் எந்தக் கரையிலும் இல்லை.

ஏழைப் பெண்களின் துணி எஞ்சவில்லை என்று மேலே எழுதினேன். ஒரே ஓரிடத்தில் ஏராளமாக எஞ்சியிருக்கிறது. தாமஸ் கோரம் என்பவரின் முயற்சியால் இலண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகம் 1741-இல் திறக்கப்பட்டது. குழந்தையை ஒப்படைக்கும் தாயின் பெயரைக் கேட்பதில்லை. குழந்தைக்கும் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். பின்னாளில் தாய் திரும்பி வந்தால் அடையாளம் காண்பதற்காக, குழந்தையின் உடுப்பிலிருந்தோ தாய் கொடுத்ததிலிருந்தோ ஒரு துண்டு துணியைப் பதிவுத்தாளோடு குத்திவைத்தார்கள். அப்படி ஏறக்குறைய 5,000 துண்டுகள் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பூப்போட்ட அச்சுத் துணி, கோடு போட்ட லினன், நாடா, ஓரம் கிழிந்த சட்டைக் கை. 2010-இல் வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டைல்ஸ் இவற்றைக் கண்காட்சியாக வைத்தார். 1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்ட 16,282 குழந்தைகளில் தாயோ உறவினரோ திரும்பப் பெற்றது 152 பேரை மட்டுமே. பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கவில்லை.

அத்துண்டுகளுள் ஒன்று 1767-இல் ஒரு தாய் விட்டுச் சென்றது. பல துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, அதன்மேல் ஓர் இதயத்தை ஊசியால் வரைந்து, நடுவே இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையோடு கொடுத்தாள். அவள் பெயர் சாரா பெண்டர் என்பது, 1775-இல் அவள் திரும்பி வந்து தன் மகனைக் கேட்டுப் பெற்றுச் சென்றதால் நமக்குத் தெரிகிறது. பையனுக்கு அப்போது எட்டு வயது. பார்பரா ஜான்சன் முதல் துணியை ஒட்டிய வயது.

என் கவுனின் முதுகு மடிப்புகளும் பாவாடையும் முடிந்துவிட்டன. கைகளை இன்னும் பொருத்தவில்லை. முழங்கையை மடக்கி வேறொருவர் தோளில் ஊசி குத்திக் கொடுத்தால்தான் அது சரியாக அமையும். அடுத்த விடுமுறைக்கு என் தங்கை வருகிறாள்.